அக்காவைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் மூடுபனி. வெகுநேரம் கழித்துத்தான் எதிர் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரை தெரிந்தது. துணி எதுவும் காயவில்லை. அக்காவின் வெள்ளைச் சட்டையை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். புகை மணம் ஏறிவிட்டது. திட்டு. மறுபடி அலசல்.

புஷ்பா அக்கா வேலைக்குப் போய் ஒரு வாரம். சீசனுக்காகக் கொழும்புக் கார்க் கம்பெனி ஒன்று நுவரெலியாவில் (இனி நு.எ.) ஏரிப்பக்கம் கண்ணாடிக் கூடாரம் போட்டிருக்கிறது. உள்ளே பெரிய பணக்காரர்கள் வாங்கும் கார்கள். வருகிறவர்களை வரவேற்று, காரைக் காட்டி, டீ கொடுத்து அனுப்புவது அக்கா வேலை. கூட டிலினி என்று நானுஓயாப் பெண். 18ஆம் தேதி கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். அதற்குள் நன்றாகச் செய்தால் கொழும்பு ஷோரூமில் நிரந்தர வேலை.

நன்றாக என்றால்? கூடாரத்துக்குப் பொறுப்பான மேடம் சொன்னாராம், "எத்தனை கார் வித்ததுன்னு நான் பாக்க மாட்டேன். வந்துட்டுப் போன கஸ்டமர் திரும்ப உன் பேரச் சொல்லிக் கேக்கணும். ஒருத்தராவது."

டிலினியை ஏற்கெனவே ஒரு கஸ்டமர் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார். அக்காவை இன்னும் இல்லை. வேலை கிடைக்காவிட்டால் சித்தியோடு கார்மெண்ட்ஸில் தையலுக்கு. அக்காவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மழை. அக்கா கடைசி பஸ்ஸில். காலில் சப்பாத்து நனைந்து, முகம் வாடி.

அங்கே சொல்லிக் கொடுப்பவை (கேட்டுக் குறித்தது):
– வருகிறவரின் காலைப் பார்க்கக் கூடாது. முகத்தை மட்டும்.
– விலை கேட்டால் உடனே சொல்ல வேண்டும். உங்களால் எவ்வளவு முடியும் என்று கேட்கவே கூடாது.
– டீக் கோப்பையின் காது அவர் கைப்பக்கம் இருக்க வேண்டும்.
– பிள்ளைகள் கண்ணாடியில் கை வைத்தால் சிரிக்க வேண்டும். துடைப்பது அவர்கள் போன பிறகு.

கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. நம் பள்ளி நூலகத்திலும் இருந்தால் நல்லது.

இன்று மேடம் கேட்டது: "நீ நல்லாத்தான் பேசுற. ஆனா கஸ்டமர் கிட்ட வந்தா ஏன் பின்னால போற? உனக்கு அவங்களப் புடிக்கலைன்னு நெனைக்கிறாங்க."

"மரியாதையாத்தான்டி நிக்கிறேன்," என்றாள் அக்கா. சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வீட்டில் ஒத்திகை. பெஞ்சு = கார். அப்பா = கஸ்டமர். தேயிலைத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த அதே அழுக்குச் சட்டையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, இந்த வண்டியில எத்தன மூட்டை கொழுந்து ஏத்தலாம்?"

"சேர், இது குடும்பமாப் போறதுக்கு..."

"அப்ப பின்னால ரெண்டு மூட்டையாச்சும்?"

"சேர், டீ குடிக்கிறீங்களா?"

"பால் டீயா, பிளேன்டீயா? சீனி தூக்கலா போடும்மா. வண்டிய அப்புறம் பாப்போம்."

அம்மா சிரித்துச் சிரித்து இருமினார். அப்பா ஒரு எட்டு முன்னால் வைத்தார், அக்கா பின்னால் போனாள். இன்னொரு எட்டு. அக்கா தண்ணீர்க் குடத்தில் இடித்து, குடம் கவிழ்ந்து, வீடெல்லாம் வெள்ளம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

வெயில்! அம்மாவோடு விறகுக்கு. திரும்பும்போது தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப் வந்தது. அம்மா விறகோடு ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்கி நின்றார், நானும். சப்பாத்துக்குள் தண்ணீர். ஜீப் போன பிறகுதான் யோசித்தேன், ரோட்டில் இடம் நிறைய இருந்ததே. இறங்கச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை. எழுத்துத் தெரியும் முன்பே கால் பழகிவிட்டது.

அக்காவும் அதைத்தான் செய்கிறாள்! கூடாரத்தில் கான் இல்லை, அவ்வளவுதான்.

பெரிய கண்டுபிடிப்பு என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

அக்கா: "அப்ப நான் காரக் கண்டா கானுக்குள்ள எறங்குறவ. அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லலக்கா..."

"போடி, பெரிய படிச்சவ."

முதுகைக் காட்டிப் படுத்துவிட்டாள். நான் சொன்னது சரிதான். சொன்ன விதம் சரியில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காலையிலும் பேசவில்லை. நூலகப் புத்தகத்தில் அறுபது பக்கம். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

மாலையில் பீலித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு நேரே வந்தாள். "சின்னவளே, எந்திரி. நீ கஸ்டமர்."

நான் பெஞ்சருகே போனேன். அக்கா பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள், மறு ஓரத்தைக் கையால் தட்டினாள். "வாங்க மேடம், உள்ள வாங்க. உக்காந்து பாருங்க."

பின்னால் போகவில்லை! எப்படிப் போவாள், உட்கார்ந்திருக்கிறாளே.

அப்பாவுக்குச் சந்தேகம். "நீ உக்காந்துகிட்டு அவங்கள வரச் சொன்னா மரியாதையா இருக்குமா?"

அடுப்படியிலிருந்து அம்மா: "ஏன், நம்ம வீட்டுக்கு ஆள் வந்தா உக்காந்த எடத்துலருந்து வாங்கன்னு சொல்றதில்லையா? வெளிய நின்னா அவங்க வண்டி. உள்ள இருந்தா இவ வீடு."

அக்கா என் தலையில் குட்டினாள். சமாதானம் என்று அர்த்தம்.

ஏப்ரல் 10, வெள்ளி

காற்று. ஒரு வாழை சாய்ந்தது.

அக்கா காருக்குள் உட்கார்ந்தாளாம். மேடத்துக்குக் கோபம். "உன்னய யாரு சீட்டுல ஏறச் சொன்னது?" டிலினிதான் நடுவில் புகுந்து, ஞாயிறு வரைக்கும் பாருங்கள் மேடம் என்று கெஞ்சியிருக்கிறாள். போட்டிக்கு நிற்பவள்! டிலினியைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

இரண்டு இளைஞர்கள் உள்ளே அக்காவைப் பார்த்து, "இவங்களும் வண்டியோட ஃப்ரீயா?" என்றார்களாம். அக்கா சிரிக்காமல் விலைப் பட்டியலைக் கையில் கொடுத்தாளாம். ஓடிவிட்டார்கள்.

பெயர் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நானும் நு.எ. போனேன், புத்தாண்டுச் சாமான் வாங்க. ஒரே கூட்டம். குதிரை, பலூன், அவித்த சோளம். பிறகு கூடாரத்துக்கு வெளியே, திறந்த வாசலோரம் நின்று எல்லாம் பார்த்தேன்.

ஊன்றுகோலோடு ஒரு சிங்களப் பெரியவர், கூட மகள். முழங்கால் மடங்கவில்லை. காரில் ஏறக் காலை முதலில் உள்ளே வைக்கப் பார்க்கிறார், முடியவில்லை. மகள் பின்னாலிருந்து தள்ளுகிறார். தலை கூரையில் இடிக்கிறது. அவருக்கு வெட்கம். கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அக்கா இரண்டு எட்டுப் பின்னால் போனாள். போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அவள் போனது மறுபக்கக் கதவுக்கு. திறந்து உள்ளே ஏறி, உட்கார்ந்து, கையை நீட்டினாள். சிங்களத்தில் மெதுவாக: திரும்பி நில்லுங்கள், முதலில் உட்காருங்கள், காலை அப்புறம் எடுத்து வைக்கலாம், அவசரமே இல்லை.

உட்கார்ந்துவிட்டார்! கோலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சீட்டில் சாய்ந்து, ஏதேதோ பேசினார். அக்காவும் பேசினாள். டிலினி கோப்பையின் காதைச் சரியாகத் திருப்பி டீ நீட்டினாள். மேடம் தூரத்தில் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மகள் போகும்போது விலை கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன், "என்னக்கா பேசினாரு?"

"தள்ளாம ஏத்துனதுக்கு நன்றின்னாரு." பிறகு ஜன்னலைத் துடைத்துக்கொண்டே, "நல்ல மனுசன்டி."

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. கோயில், பொங்கல், புதுச் சட்டை. என்னுடையது கை நீளம். கூடாரம் இன்று மூடல். சித்தி வந்து கார்மெண்ட்ஸ் போர்டிங்கில் இடம் இருக்கிறது என்றார். அக்கா, "சனிக்கிழமை சொல்றேன் சித்தி." சத்தமில்லாமல் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீடுகளுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 16, வியாழன்

தூறல். யாரும் கேட்கவில்லை. கணக்கு வீட்டுப்பாடம் செய்தேன், எல்லாம் பிழை.

ஏப்ரல் 17, வெள்ளி

அப்பாவின் போனில் அக்கா. அப்பா வேலையில், நான் எடுத்தேன். ஒரே இரைச்சல், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"சின்னவளே, அந்தப் பெரியவரோட மக கண்டியிலருந்து போன் எடுத்தாங்கடி! மேடம்தான் பேசுனாங்க. புஷ்பா நாளைக்கு இருப்பாளான்னு கேட்டாங்களாம். வேற எடத்துல வண்டி காட்டுனா பெரியவரு ஏற மாட்டேங்கிறாராம். அந்தப் புள்ள உள்ள இருந்தாத்தான் ஏறுவேன்னு சொல்லிட்டாராம்!"

"பேரு எப்படிக்கா தெரியும்?"

"சட்டையில குத்தியிருக்கே, மண்டு!"

மேடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். கொழும்பில் தங்க ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாராம். டிலினியிடமும் அதையே.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கக்கூட இல்லை, போனைப் பிடுங்கினார்.

"ஏண்டி, வண்டி வாங்கவா வர்றாங்க?"

நான் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"தெரியலம்மா. என்னயக் கேட்டு வர்றாங்க."