கடைக்கு மட்டும் கொண்டு போகாதே

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், நீ நலமா என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். நாங்கள் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கப்போவதும் இல்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், உன் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று போன வாரம் எனக்குத் தெரிந்துவிட்டது. இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

போன தடவை வந்தபோது ஆபீசில் கொடுத்த பரிசு என்று சொல்லி உன் தங்கைக்கு நீ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு நாள் காலையில் அது கண்ணைத் திறக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்கு எரியும், உள்ளே காற்றாடி உர்ரென்று சுற்றும், திரை மட்டும் கருப்பாகவே நிற்கும். அவள் படம் வரைந்து கொடுக்கிற மரச்சாமான் பட்டறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சும் அலமாரியும் செய்ய எடுத்திருந்தார்கள், அத்தனை படமும் அதற்குள்ளே மாட்டிக்கொண்டது. வாரக் கடைசிக்குள் படம் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அவள் அழுதுகொண்டே உனக்குப் போன் போட்டாள். சார்ஜரைக் கழற்றிவிட்டு முப்பது எண்ணும் வரை பொத்தானை அமுக்கிப் பிடி என்றாய். அவள் பிடித்தாள், உன் அப்பா எண்ணினார், அவர் எண்ணுகிற அழகுக்கு முப்பது வருவதற்குள் எனக்கு ஷிப்டுக்கே நேரமாகிவிட்டது. வேறு பிளக்கில் மாட்டு என்றாய். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அங்கே மாட்டினோம், திரும்ப ஃபிரிட்ஜை மாட்ட மறந்து பால் திரிந்ததுதான் மிச்சம். டிவியோடு ஒயர் போட்டுப் பார் என்றாய், டிவியும் சேர்ந்து கருப்பாக நின்றது. திரையில் டார்ச் அடித்துப் பார் என்றாய், எங்கள் மூஞ்சிதான் தெரிந்தது. என் கண்ணாடிக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்குரூ டிரைவரால் பின்பக்கத்தைக் கழற்றி, மெமரியை எடுத்து, அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகச் சொன்னாய். அதையும் செய்தாள். ஒவ்வொன்றின் முடிவிலும் உனக்கு ஒரே பாட்டு, கடைக்கு மட்டும் கொண்டு போகாதே, அவன் உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடுவான், நான்தான் சொல்றேன்ல என்று. தங்கை மேல் பிள்ளைக்கு எவ்வளவு கரிசனம் என்று நான் உருகிப்போனேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. உன்னிடம் சொல்லாமல் அவளையும் லேப்டாப்பையும் இழுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ரிப்பேர்க் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். ஆள் நிறைய இருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவரிடம் நான் சும்மா இருந்தேனா, இது என் பையன் நல்லா வேலை செஞ்சதுக்கு ஆபீஸ்ல பரிசா கொடுத்தது என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அந்தப் பெண் திறந்து பார்த்தாள், உள்ளே சிஸ்டம் கெட்டுப்போயிருக்கிறது, படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள். முதலில் படங்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்துக் கையில் கொடுத்தாள், உன் தங்கைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பிறகு அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு இன்டர்நெட்டில் சேர்த்தாள். திரையில் நாலு வரி வந்தது. அதைப் படித்ததும் அவள் மூடியைப் பாதி இறக்கிவிட்டு, மற்றவர்களுக்குத் தெரியாதபடி எங்கள் பக்கம் திருப்பினாள். இந்தக் கருவி நிறுவனத்தின் சொத்து, திருப்பித் தரப்படாததால் பூட்டப்பட்டிருக்கிறது, இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று இருந்ததாக உன் தங்கை மெதுவாகச் சொன்னாள். ஆபீஸ் லேப்டாப்பை அழித்துப் புதிதாகப் போட்டால் அது தன் சொந்தக்காரரைத் தேடிப் போய்விடுமாம், அந்தப் பெண் சொன்னாள். உனக்கு அது தெரியும். தெரிந்துதான் கடை வேண்டாம், கடை வேண்டாம் என்று எங்களைப் பொத்தான் அமுக்க வைத்தாய். சற்று முன்னால் நான் பெருமை பேசியதைக் கேட்டவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஏதோ தப்பாக வந்திருக்கும் என்று வெளியே வந்து அந்த எண்ணுக்கு உன் தங்கையை விட்டுப் பேசச் சொன்னேன். உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆட்களைக் குறைத்தபோது நீயும் வெளியே வந்துவிட்டாயாம், ஒன்பது மாதம் ஆகிறதாம். நீ இங்கே வந்துவிட்டுப் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. அப்படியானால் அப்போதே உனக்கு வேலை இல்லை. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் வேலை என்றாயே, உனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நானும் அப்பாவும் டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே. உள்ளே என்னடா செய்துகொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டிங் மீட்டிங் என்று போனை வைத்தாயே, யாரோடு மீட்டிங், சுவரோடா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான் இல்லை, ஆனால் அந்தச் சோற்றை எங்களுக்கே ஊட்டிவிட்டாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வேலை போனதற்கு நான் கோபப்படவில்லை. எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் போன வருடம் ஒரு லைனையே மூடினார்கள், அவர்கள் எல்லாம் என்ன திருடர்களா. நாள் முழுக்க விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஓடுகிற பாட்டிலில் விரிசல் பார்த்துப் பொறுக்குவதுதான் என் பிழைப்பு, என் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். என் எதிரே பத்து நாள் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளையின் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் உன்மேல் கொட்டுகிறேன், வாங்கிக்கொள்.

தங்கையின் படங்கள் நேரத்துக்குப் போய்விட்டன. இப்போது அவள் பட்டறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில், மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்து வரைகிறாள், மாலையில் தும்மிக்கொண்டு வருகிறாள். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கடுப்பாக இருக்கிறது. அப்பா வாயே திறக்கவில்லை. நீ கொடுத்த லேப்டாப்பைப் பற்றி முடிவெட்டும் கடையில் வாய் கிழியப் பேசியிருந்தார் அல்லவா, இப்போது அந்தப் பக்கமே போவதில்லை, முடி காதை மூடிக்கொண்டு வளர்கிறது. லேப்டாப்பை நானே துடைத்து, பழைய துண்டில் சுற்றி, அந்த ஆபீசுக்குப் பார்சல் அனுப்பிவிட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். உன் பெயரைப் போடக் கை வரவில்லை.

என்னிடம் இருக்கும் பழைய விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன், இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாயா, யாரோடு இருக்கிறாய், எதைத் தின்று உயிர் வாழ்கிறாய், எனக்கு ஒன்றும் தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய். மீட்டிங் என்று சொன்னால் நானே வைத்துவிடுவேன், பிறகு எடுக்கவே மாட்டேன். வேலை இல்லைம்மா என்று சொல். திட்ட மாட்டேன் என்று ஆசை காட்டப்போவதில்லை, கட்டாயம் திட்டுவேன், காது தாங்காத அளவுக்குத் திட்டுவேன். திட்டி முடித்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பேன். அதற்கு மட்டும் பொய் சொல்லிவிடாதே.

கோபத்தில் இருந்தாலும் ஆசீர்வாதம் என்று ஒன்று உண்டு, அது எப்போதும் போல் உனக்குத்தான். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதுகிறேன், அவர் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. மறந்துவிடாதே, இரண்டாவது சார்ஜர் ஒன்று உன்னிடம் இருக்கிறதாம், ஆபீசில் அதையும் கேட்டார்கள். அதை நீயே நேரில் கொண்டுபோய்க் கொடு. கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வா, மாடி அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டிவி சத்தத்தை இனிமேல் குறைக்காத,
உன் அம்மா