முள்ளில்லாத பொக்கே செடி

மைனி,

இன்று காலை பூக்கடைக்கு வந்த இலைக்கட்டைப் பிரிக்கும்போது விரலில் முள் குத்தியது. ஈரச் சாக்கில் சுற்றி மலையிலிருந்து பஸ்ஸில் வரும் பச்சை இலை. மணப்பெண் கையில் ரோஜாவுக்குப் பின்னால் பஞ்சுபோல நிற்குமே, அதுதான். பாறசாலையில் நான் இப்போது பொக்கே கட்டுகிறேன். விரலைச் சப்பிக்கொண்டே உங்களை நினைத்தேன். உங்கள் செடியும் பார்வைக்கு இதேபோலத்தான், ஆனால் அதற்கு முள் கிடையாது.

என் அண்ணன், உங்கள் புருஷன், கல்ஃப் ஹோட்டல் அடுக்களையிலிருந்து லீவில் வந்தபோது சட்டைப் பையில் கொண்டுவந்த விதை அது. அஸ்பராகஸ் என்று பெயர் சொன்னான். மண்ணைப் பிளந்து விரல்போல வரும் தண்டை வெள்ளைக்காரர்கள் வேகவைத்துத் தின்பார்களாம். அவன் திரும்பிப் போனதும் நீங்கள் டெரஸில் பழைய பெயின்ட் வாளிகளை வரிசையாக வைத்து, அடியில் ஓட்டை போட்டு, மணலும் சாணிப்பொடியும் கலந்து நிரப்பினீர்கள். நான் கீழிருந்து மண் சுமந்தேன். எட்டாம் கிளாஸோடு என்னை நிறுத்திய வருஷம். அம்மாவுக்கு இடுப்பு வலி, பசுவை யார் பார்ப்பது என்றார்கள். நான் புல் அறுக்கப் போனேன்.

"மூணாம் வருசம் தண்டு வெட்டலாம் மக்கா. கோவளத்து ஹோட்டல்காரன் கொண்டு வா, பாக்கலாம்ணு சொல்லியிருக்கான். அந்தப் பைசா எனக்காக்கும், வீட்டுக்கில்ல. உன்ன டூட்டோரியல்ல படிக்கச் சேக்கணும்."

அதுவரை ஒரு தண்டையும் தொடக்கூடாது, எல்லாம் இலையாக விரிய வேண்டும். இலை குடிக்கும் வெயில்தான் வேருக்குச் சோறு என்பீர்கள்.

வாளிகள் பச்சையாக நிறைந்த சமயத்தில் பனச்சமூட்டில் ஒரு கல்யாணம் வந்தது. சபைப் பெண்கள் சங்கத்து மாமி மூச்சிரைக்க டெரஸ் ஏறினார்.

"எம்மா, இம்புட்டுப் பொக்கே செடியா!"

"இது பொக்கே செடி இல்ல மாமி. திங்குத சாதனமாக்கும்."

"இலையத் திங்கதுக்கு நீ என்ன ஆடா பிள்ளே?" மாமி குலுங்கிச் சிரித்தார். "பெண்ணுக்குக் கையில பிடிக்க ரெண்டு கொம்பு. வெட்டினா மொளைக்காதா?"

கீழிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "சபைக்காரிமாரு கேட்டா இல்லேண்ணு சொல்லப்பிடாது, கேட்டியா?"

நீங்களே கத்திரிக்கோலை எடுத்து நீட்டினீர்கள். சிரிக்கவும் செய்தீர்கள்.

அதன்பிறகு எந்தக் கல்யாணமும் நம் டெரஸைத் தாண்டிப் போகவில்லை. ஞானஸ்நானத்துக்கு வந்தார்கள், ஈஸ்டருக்கு வந்தார்கள். அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தை அலங்கரிக்க வாளிகளை மொட்டையடித்தார்கள். நாம் காத்திருந்த மூன்றாம் வருஷம் மண்ணிலிருந்து ஈர்க்கில் கனத்தில்தான் தண்டு வந்தது. நீங்கள் விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தீர்கள். "வேரு பட்டினி கெடக்கு" என்றீர்கள். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

அந்த மழையில் மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோயிற்று. அடக்கத்தன்று எல்லோரும் ஒரே வாக்கைத்தான் சொன்னார்கள்: யாருக்கும் இல்லை என்று சொல்லாத பெண். மிச்சமிருந்த நாலு கொம்பையும் மாமி வெட்டி உங்கள் பெட்டிமேல் வைத்தார். "அவளுக்க செடி அவளுக்கே உதவிச்சு, பாத்தியா?" என்றார். கூட நின்றவர்கள் தலையசைத்தார்கள்.

மறுநாளே டெரஸ் கதவைப் பூட்டித் தாக்கோலை நான் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் விட மட்டும் திறப்பேன். அம்மா ஏதோ சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஒரு வருஷம் எந்தக் கத்திரிக்கோலும் படாமல் செடிகள் இலை விட்டன.

போன வாரம் மாமி வந்தார். "தாக்கோல் எங்க பிள்ளே? எனக்க மவளுக்குக் கல்யாணமாக்கும்."

நான் கதவில் சாய்ந்து நின்றேன். எனக்குப் பேச வராதென்று உங்களுக்குத் தெரியும்.

"உனக்க மைனி இருந்தா தந்திருப்பா."

"தந்திருப்பாவ," என்றேன். அவ்வளவுதான் வந்தது. மாமி முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அவர் போனபின் மேலே ஏறிப் பார்த்தேன். ஓரத்து வாளியில் என் பெருவிரல் கனத்தில் ஒரு தண்டு நின்றது. அடியோடு வெட்டி, கழுவாமல், நின்றபடியே தின்றேன். முதலில் பச்சைப் பட்டாணிபோல இனித்தது, பிறகு கசந்தது. கோவளத்துக்கு ஒன்றும் போகவில்லை மைனி, டூட்டோரியலுக்கு நானும் போகவில்லை. தாக்கோலை இடுப்பில் செருகியிருக்கிறேன். பொக்கே கட்டக் குனியும்போதெல்லாம் குத்துகிறது.