கேட்டதாகச் சொன்ன பறவைகள்

நெல்லித்தோப்பு, பாண்டிச்சேரி
9 பிப்ரவரி 1984, வியாழன்

அன்பு மகள் கிளோதினுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை ரெனேவும் குழந்தை செசிலும் சளி இருமல் இல்லாமல் குளிரைத் தாண்டிவிட வேண்டும் என்று காலைப் பூசையில் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அந்த ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம், ஒன்றரை வருஷமாகப் பக்கத்து வீட்டுக் கமலா அக்காவுக்குப் போன் பண்ணுகிறேன், அப்பா ஒரு தடவைகூட என்னோடு பேசவில்லை, நான் பிரான்சிலேயே, தூலூசில் வீடு வாங்கியது பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். கோபம் இல்லை அம்மா. வீடு வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். பேசாததற்குக் காரணம் வேறு, அதை எழுதத்தான் இன்று மத்தியானம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சங்கதி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, தீர்ந்துவிட்டது என்று உனக்கு எழுதக்கூடாதாம், எழுதிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் இந்த வருஷம் இன்னும் உப்பு. கமலா மகனுக்கு உழவர்கரையில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது, மில் வேலை போன பிறகு அந்த வீட்டில் இப்போதுதான் சிரிப்பைப் பார்க்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் என்னோடு யுத்தத்துக்கு வந்த பழைய சொல்தா கலியமூர்த்தி பொங்கலுக்கு மறுநாள் தவறிவிட்டான். நல்லடக்கத்துக்குப் பிரெஞ்சு மூவர்ணக் கொடி போர்த்தினார்கள், எங்களில் மிச்சம் இருக்கிறவர்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தோம், ஊதுகொம்பு ஊதினார்கள். ஊதியதைப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி.

என் காது போய்விட்டது கிளோதின். வலது காது போய் மூன்று வருஷம் ஆகிறது, அது உன் அம்மாவுக்கும் தெரியும், சின்ன வயசில் பீரங்கிப் பக்கத்தில் நின்றவனுக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. போனில் உன் குரல் தகரத்தைத் தேய்க்கிற சத்தமாகத்தான் வரும், ஒரு வார்த்தை பிடிபடாது. அதனால்தான் உங்க அம்மாவே பேசட்டும் என்று ரிசீவரைத் தள்ளிவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் மலைக்குப் போகிற வேலை போய்விடும் என்று பயந்தேன், இதுதான் உண்மை.

அந்த வேலை எனக்கு என்ன என்று உனக்கு நான் சரியாக எழுதியதே இல்லை. லியோனில் இருக்கிற ஒரு பறவைச் சங்கம் மூலமாக வருஷத்துக்கு இரண்டு கூட்டம் வருவார்கள், ஏழெட்டுப் பேர், எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கழுத்தில் பைனாகுலர். அவர்களை நான் இங்கிருந்து வேனில் பொள்ளாச்சி வழியாக ஆனைமலைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பத்து நாள் காட்டில் நடக்கவைத்து, இது இருவாட்சி, இது மரகதப் புறா, இது குக்குறுவான் என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். பென்ஷன் வாங்கிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்து செத்தவர்கள் கணக்கு பேசுகிற சொல்தாக்களுக்கு நடுவில் எனக்கு மட்டும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. காட்டில் பாதிப் பறவை கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். தினமும் சாயங்காலம் விடுதியில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு வரிசையாகப் படிப்பார்கள், பார்த்ததற்குப் பெருக்கல் குறி, கேட்டதற்கு வட்டம். நான் தலையாட்டினால்தான் வட்டம் விழும். அது அவர்களுக்கு ஜெபமாலை மாதிரி.

இந்த இரண்டு வருஷமும் நான் எப்படி வழிகாட்டினேன் என்று கேட்காதே. கேட்காமலே சொல்கிறேன். கூட்டத்தின் முகத்தைப் பார்ப்பேன். நாலு பேர் ஒரே பக்கம் தலையைத் தூக்கினால் அங்கே ஏதோ பாடுகிறது. என்ன மரம், என்ன நேரம், எவ்வளவு உயரம் என்று பார்த்து அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவேன். ஏழு வருஷம் அதே காட்டில் நடந்தவனுக்கு அந்த ஓடைப் பக்கம் விடியற்காலையில் சீகாரப் பூங்குருவியைத் தவிர வேறு யார் சீழ்க்கை அடிக்கப் போகிறார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று இனி மாதாவுக்குத்தான் தெரியும். இந்தச் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் பெருமையாகவும் நினைத்துக்கொண்டேன், உன் அப்பன் புத்தி அப்படி.

ஜனவரிக் கூட்டத்தில் ஏழு பேர். முதல் நாள் சாப்பாட்டின்போது நான் வழக்கமாகச் சொல்கிற இந்தோசீனாக் கதையைச் சொன்னேன். உனக்கும் நூறு தடவை சொல்லியிருப்பேன், மலைச்சாலையில் பீரங்கியை இழுத்துக்கொண்டு போகும்போது திடீரென்று காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை, நான் படுங்கடா என்று கத்தினேன், படுத்த பிறகுதான் தலைக்கு மேல் குண்டு போனது. பறவை வாயை மூடினால் மனுஷன் படுத்துவிட வேண்டும் என்று முடிப்பேன். எல்லாரும் கை தட்டினார்கள். நம்மை இந்த ஆள் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்று அவர்களுக்கு அந்தக் கதையில்தான் நம்பிக்கை வரும், அதற்காகத்தான் சொல்வதும்.

நாலாம் நாள் காலையில் எனக்குக் கடுமையான சளி. மலை ஏறியதிலிருந்தே காது அடைத்துக்கொண்டிருந்தது. ஓடைக்கு மேலே சரிவில் ஒற்றையடிப் பாதை, முன்னால் நான், கடைசியில் எங்கள் மலைக்காரர் கண்ணையன், நடுவில் ஏழு பேர். அதுவரை ஓடைச் சத்தமாவது மங்கலாக வந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய பலா மரத்தைத் தாண்டினோம், அந்த இடத்தில் எல்லாம் நின்றது. ஓடை இல்லை, குக்குறுவான் இல்லை, என் கால் மிதிக்கிற சருகுகூட இல்லை. எனக்கு முப்பது வருஷம் கழன்று விழுந்துவிட்டது கிளோதின். காது போயிற்று என்று அந்த நிமிஷம் தோன்றவே இல்லை, காடு நின்றுவிட்டது என்றுதான் தோன்றியது. கையைத் தூக்கினேன், படுங்கள், சத்தம் வேண்டாம் என்று காட்டினேன். எழுபது வயசுக்காரர்கள் மறுபேச்சு இல்லாமல் ஈர மண்ணில் குப்புறப் படுத்தார்கள். கண்ணையன்கூடப் படுத்தார். பத்து நிமிஷம் கையை இறக்காமல் கிடந்தேன், ஒருவரும் அசையவில்லை.

பிறகு கண்ணையன் ஊர்ந்து வந்து என் முதுகைத் தொட்டார். அவர் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மதாம் ஏவ்லின் என்று ஒரு அம்மா, நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், படுக்கும்போது சரிவில் உருண்டு பாறையில் மோதி வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் வேண்டாம் என்று காட்டியதால் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பத்து நிமிஷமும் அப்படியே கிடந்திருக்கிறார். நான் பதறிப்போய் என்னென்னவோ பேசினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். நர்சு இல்லையா, புரிந்துகொண்டார். பட்டியல் நோட்டை எடுக்கச் சைகை காட்டி இடது கையால் கோணல் கோணலாக எழுதிக் காட்டினார். பறவைகள் நிற்கவே இல்லை மொசியே, இப்போதும் பாடிக்கொண்டிருக்கின்றன என்று எழுதியிருந்தது.

அவரைப் பொள்ளாச்சிக்கு அழைத்துப்போய் மாவுக்கட்டு போட்டு இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பினோம். யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. வழக்கம்போலப் பட்டியலை விரித்தார்கள். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், இந்த நாலு நாளில் நான் தலையாட்டிப் போடவைத்த வட்டங்களை அடித்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். லீல் நகரத்தில் வாத்தியாராக இருந்த ஒருவர் சீகாரப் பூங்குருவியைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார், மூன்றாம் நாள் என் வார்த்தையை நம்பி அதற்கு வட்டம் போட்டுவிட்டுக் கண் கலங்கியவர். அவர் பையிலிருந்து ஒரு அடிக்கோலை எடுத்து வைத்து ஒவ்வொரு வட்டமாகக் கோடு போட்டு அடித்தார். பூங்குருவிக்கும் அடித்தார். நோட்டை மூடிவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். மிச்ச நாள் கண்ணையன்தான் அவர்களை நடத்தினார், நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு வந்த பிறகு லியோன் சங்கத்துக்கு எழுதிவிட்டேன், இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

இறங்கிய பிறகு சளி விட்டதும் இடது காது கொஞ்சம் திரும்பியது. எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் பிடிபடுகிறது. டாக்டர் நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் கெட்டியான சத்தம்தான் கேட்கும், மெல்லிசான சத்தம் திரும்பாது என்கிறார். இதை அம்மாவிடம் சொல்லவே இரண்டு நாள் தைரியம் வரவில்லை. சொன்னபோது அவள் அழவில்லை, அலமாரியைத் திறந்து நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கேசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செசில் பாடி அனுப்பியது. அதைக் கேட்டுவிட்டு நான் உனக்கு எழுதினேன் அல்லவா, குழந்தை குரல் கோவில் மணி போல இருக்கிறது, தாத்தா அழுதுவிட்டேன் என்று. அம்மா என் எதிரே உட்கார்ந்து சொன்னாள், அன்னிக்கி நான் தெரியாம பக்கத்த மாத்திப் போட்டுட்டேங்க, அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் கேசட்டு, நீங்க சிரிச்சிக்கிட்டுக் கண்ணத் தொடச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க, அரை மணி நேரம், எழுந்து வந்து எப்பிடி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல. ஒரு மாசமாக அவள் அதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். காட்டில் எழுபது வயசுக்காரர்களை ஏமாற்றியதைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது.

மறுநாள் சரியான பக்கத்தைப் போட்டு முழுச் சத்தம் வைத்துக் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன். கமலா வீட்டில் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாம். எனக்கு நடுநடுவே ஒரு ஆம்பளைக் குரல் மட்டும் வந்தது, மாப்பிள்ளை எடுத்துக் கொடுக்கிறார் போலிருக்கிறது. குழந்தை வரவில்லை.

ஆகையால் நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். அந்தக் கேசட்டில் செசில் என்ன பாடினாள், எந்த இடத்தில் மறந்துபோய் நிறுத்தினாள், எங்கே சிரித்தாள் என்று ஒரு தாளில் வரிவரியாக எழுதி அனுப்பு. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் நீயே பக்குவமாகச் சொல்லிக்கொள். ராத்திரி கண் விழித்துத் தைக்காதே, உனக்கும் கண் வலி வரும், நம் குடும்பத்தில் ஒவ்வொன்றாகப் போகிறது. அம்மாவுக்கு அந்தத் தைலம் இரண்டு குப்பி ஜூலையில் வரும்போது கொண்டுவா. போன் பண்ணும்போது அப்பாவைக் கூப்பிடாதே, ஆனால் பண்ணு, நான் பக்கத்தில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலையில் குழந்தை இங்கே வரும்போது என்னிடம் என்னென்னவோ சொல்லும். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன், விடவேண்டும் என்றுதான் பார்க்கிறேன், ஜூலைக்குள் போகிற பழக்கம் இல்லை அது. இப்போதே அவளுக்குச் சொல்லிக் கொடு. தாத்தாவின் எதிரே வந்து நின்று முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், தாத்தா தலையாட்டினால் நம்பக்கூடாது, நான் என்ன சொன்னேன் சொல்லு பார்க்கலாம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான் முழித்தால் மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்.

உங்கள் மூவரையும் மாதா தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும். செசிலுக்கு நெற்றியில் என் சிலுவை அடையாளம். தாளை மறக்காதே.

இப்படிக்கு
உன் மேல் எந்தக் கோபமும் இல்லாத அப்பா,
எமீல்