மாப்பிள்ளை இல்லாத சொதி

ஒசாகா

அன்புள்ள அம்மாவுக்கு ரீபா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நல்ல சுகம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? ஃபோனில் நீங்கள் அழுதால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

"பாக்கெட் நூடுல்ஸத் திங்கதுக்கா அவ்வளவு தூரம் நர்ஸ் வேலைக்குப் போன? வள்ளியூர் மாப்பிள்ளை வீட்ல இன்னும் கேக்காவ" என்றீர்கள். அந்த நூடுல்ஸுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தேன். மசாலாப் பொடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நூடுல்ஸை இடியாப்பம் மாதிரி வெறுமனே வேகவைத்தேன். டப்பாத் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காரட், உருளைக்கிழங்கு, கடைசியில் இஞ்சிச்சாறு. பச்சைமிளகாய் வதக்கிய நெடியில் ஹாஸ்டல் அலாரம் அடித்து, எல்லாரும் தெருவில் போய் நின்றோம். பயப்படாதீர்கள், தீ எதுவும் இல்லை. வார்டன் திட்டி முடித்ததும் சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு பருப்பு போட வேண்டும் என்று எழுதுங்கள். எனக்கு நம் வீட்டு அளவுதான் கைக்கு வருகிறது. உடன்குடிக் கருப்பட்டியும் கொஞ்சம் அனுப்புங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதியை இப்படியா வைப்பது என்பீர்கள். வைத்தாயிற்று. கல்யாணத்துக்கென்று நான் ஊருக்கு வரப்போவதில்லை. வள்ளியூர்க்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்: ரீபா வீட்டில் மறுவீட்டு விருந்து முடிந்துவிட்டது, மாப்பிள்ளைக்கு ஊற்றும் முதல் கரண்டியை அவளே தன் தட்டில் ஊற்றிக்கொண்டாள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
ரீபா