உப்பில் இருந்த சிவப்பு

நோன்பு மாதம். பக்கத்து வீட்டு மருமகள் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் கடல்பாசி கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் காய்ச்சிய பாசியின் வாசம். பாலும் ஏலக்காயும் அதை மறைக்கப் பார்த்தன, முடியவில்லை. உன் நினைவு வந்துவிட்டது.

தேவிபட்டினத்தில், கடலைப் பார்த்து நின்ற அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில், இதே பாசியைத்தான் நீ காலையில் காய்ச்சுவாய். சர்க்கரைக்குப் பதிலாக உப்பும் இறைச்சிச் சாறும் சேர்த்து, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பாய். கிருமி இருந்தால் அதில் முளைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். "நோன்புக்கு ஆகுற பண்டத்தைக் கிருமிக்குப் போடுறேன்னு உம்மா பாத்தா வைவாக" என்று சிரிப்பாய்.

நீ கீழக்கரையிலிருந்து வந்தவள். நான் நயினார்கோவில் பக்கத்தில் உழவு செய்யும் சம்சாரி வீட்டுப் பெண். வெள்ளைக்காரன் போய்ச் சில வருடங்களே ஆகியிருந்தன. ஆண்கள் மட்டுமே இருந்த அந்தக் கட்டடத்தில் நாம் இரண்டு பேர், அதுவும் தற்காலிக உதவியாளர்களாக. கருவாடு ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நமக்குக் கொடுத்த வேலை.

அந்த வருடம், கொழும்புக்குப் போன கருவாடு மொத்தமாகத் திரும்பி வந்தது. நாம் கருவாட்டுக் கொட்டகைக்குப் போனபோது பெட்டிகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சிலவற்றில் பழுப்பாகப் பூஞ்சணம். மற்றவற்றில் சதையெல்லாம் சிவப்பு, ரத்தத்தைத் தடவியதுபோல. கொட்டகை முதலாளி உப்புப் போடும் பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு விலக்கானவ எவளோ உப்பைத் தொட்டிருக்கா. அதான் செத்த மீனு ரத்தம் கக்குது."

அன்றே எல்லாப் பெண்களையும் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். மறுநாள் அவர்களில் ஒருத்தியான பாக்கியம் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பாத நாளிலிருந்து, அந்த உப்பு வேலையில்தான் அவள் பிள்ளைகளை வளர்த்துவந்தாள். "நீங்க படிச்சவுக. சொல்லுங்கம்மா, எங்க ஒடம்புல இருந்தா இது வருது?" என்று கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீதான், "பொறுங்கக்கா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய்.

நம் அதிகாரி, "மீனுதான் நம்ம வேலை. அவுக வழக்கம் நமக்கு எதுக்கு?" என்றார். நீ பிரிக்காத மூட்டையிலிருந்து உப்பை எடுத்துத் தட்டுகளில் தூவினாய். சில நாளில் தட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். உப்பளத்திலேயே பிறந்து, உப்பில்லாமல் வாழ முடியாத கிருமி. அதே உப்பை வறுத்துத் தூவிய தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. "பாருடி, கொட்டகைப் பொம்பளை ஒருத்தி கையும் இதுல படல" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். முதலாளி அசையவில்லை. "கண்ணாடியில என்ன வேணா முளைக்கும். மீனுல காட்டு."

"காட்டுறேன் மொதலாளி. நீங்க குளிச்சு, சாமி கும்பிட்டு, ஒங்க கையாலயே மூட்டை உப்பைப் போட்டு ஒரு மீனை வைங்க. நான் வறுத்த உப்பைப் போட்டு ஒண்ணு வைக்கிறேன்" என்றாய்.

"நீயா?"

"நானேதான். இன்னைக்கு நான் விலக்கு. அதுக்காகத்தான் பாத்து இன்னைக்கு வந்தேன்."

கொட்டகையில் அத்தனை ஆண்கள். எனக்குக் காது சுட்டது, எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. நீ முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாய். வேலிக்கு வெளியே நின்ற பாக்கியம்தான் முதலில் சிரித்தாள், ஊர் கேட்கச் சிரித்தாள்.

இரண்டு மீனையும் தனித்தனிச் சாடியில் வைத்து, எல்லார் முன்னாலும் பூட்டினார்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது ஊரே கூடியிருந்தது. அவருடைய மீன் சிவந்திருந்தது. உன்னுடையது வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஏலே, உப்பை வறுங்கடா. அதுகளை வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

"அதை அவுக மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க மொதலாளி" என்றாய். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஆனாலும் மறுநாள் விடிந்ததும் பாக்கியத்தின் கை உப்பில் இருந்தது.

அதற்கான விலையை உன்னிடம் வாங்கினார்கள். பொது இடத்தில் கூச்சமில்லாமல் பேசியதற்கு மன்னிப்பு எழுதித்தரச் சொன்னார் அதிகாரி. "நான் சொன்னதுல எது சார் பொய்? அதைக் காட்டுங்க, எழுதித் தாரேன்" என்றாய். அடுத்த மாதம் உன் வேலையை நீட்டிக்கவில்லை. உன் வாப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். உன்னைத் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ வணக்கம் சொன்ன அதிகாரியைப் பார்க்காமலே கடந்து வந்து, உன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார்.

மீதி இருந்த பழுப்புப் பூஞ்சணத்தை நான் பார்த்துக்கொண்டேன். ஈர மணலில் காயப்போடுவதை நிறுத்திப் பரண் கட்டவைத்தோம், மீனைப் பூஞ்சணம் பிடிக்காத மருந்துக் கரைசலில் முக்கி எடுத்தோம். அடைமழைக் காலத்திலும் கருவாடு தாங்கியது. அறிக்கை தட்டச்சாகி வந்தபோது அதில் உன் பெயர் இல்லை. பேனாவால் எழுதிச் சேர்த்தேன். பெயரை எடுத்துவிட்டு மறுபடி அடித்து அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன்.

"அந்தம்மாதான் இப்ப இங்க இல்லையே" என்றார் அதிகாரி.

"வறுத்த உப்பு இருக்கே சார்."

"ஒன் வேலையும் தற்காலிகந்தான், தெரியும்ல?"

"தெரியும் சார்."

கடைசியில் என் கையெழுத்தில், மசியோடு, உன் பெயர் போனது. நீ அதைப் பார்த்ததில்லை. கல்யாணமாகிக் கப்பலேறிவிட்டாய். போன வருடம் நீ மௌத்தாகி உன்னை அடக்கியாயிற்று என்ற செய்திதான் வந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. என் மூத்த மகள் பெரியவளானபோது, என் மாமியார் கொல்லைக் கொட்டிலில் அவளுக்குப் பாயும் தட்டும் வைத்தார். நான் பாயைச் சுருட்டினேன். மகளை அடுப்படிக்குக் கூட்டிவந்து, உப்பு வைக்கும் மரவைக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, கொதிக்கிற குழம்பில் போடச் சொன்னேன். பிள்ளை பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "போடு தாயி, அம்மா இருக்கேன்" என்றேன். போட்டாள். அன்று மாமியார் அந்தச் சோற்றைத் தொடவில்லை. நானும் மகளும் அடுப்படியிலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது.