சந்தில் வந்த காற்று

திருடனுக்குப் பயந்து கொல்லையில் சுவர் எழுப்பிவிட்டேன் என்று தெருவில் சொல்கிறார்கள். தவறு. உன் வீட்டுப் பின் ஜன்னலை அடைக்கத்தான் எழுப்பினேன். உன் வீட்டுக்குப் பின்னாலும் நீளும் அந்தக் கொல்லை நிலம் என்னுடையது. இன்று காலை அந்தச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஈரச் சிமெண்ட் வாசனையில் உன் நினைவு வந்தது.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. செங்கல்பட்டு வெயிலில் நாளெல்லாம் வெந்த பிறகு, நாலு மணிக்குச் சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று அந்த வழியாகத்தான் வரும். நீ உன் ஜன்னலில், நான் என் ஜன்னலில். கம்பிக்கு நடுவே கையை நீட்டிக் காபி டம்ளர் மாற்றிக்கொள்வோம். கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அங்கேயும் ஜன்னலோரம் உனக்குத்தான்.

பிறகு ஒரு வாஸ்துக்காரர் அந்தச் சந்து ஆகாது என்றார். உன் பட்டா நிலம்தான், மறுக்கவில்லை. இரு முனையிலும் சுவர் வைத்து, மேலே ஷீட் போட்டுச் சாமான் அறையாக்கினாய். கெஞ்சினேன். "இன்னாடி, ஒரு சந்துக்கு இம்மாம் பேச்சு பேசிகினு கீற? ஃபேன் போட்டுக்கோ" என்றாய். ஃபேனும் சூட்டைத்தான் சுற்றுகிறது என்றேன். நீ சிரித்தாய்.

உள்ளே என் கணவர் மூச்சிரைப்போடு படுத்திருந்தார். அந்தக் கோடை முழுவதும் நாலு மணியானால், "காத்து வந்துச்சா?" என்று கேட்பார். மழைக்கு முன் போய்விட்டார். உன் அறைதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஆனால் மன்னிக்கவில்லை. நீ இருந்தபோதே சுவர் எழுப்பியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்துச் செய்ய முடியவில்லை. போன மாதம் உன் சாவுக்கு வந்து மாலை போட்டேன். மறுவாரம் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

நேற்று உன் மருமகள் குழந்தையோடு வந்தாள். "பெரிம்மா, கொயந்த ஒடம்பெல்லாம் வேர்க்குரு. செவுத்த கொஞ்சம் எறக்குங்களேன்."

"ஃபேன் போட்டுக்கோ" என்றேன். நாலு வருடம் பத்திரமாக வைத்திருந்த வார்த்தை. இனித்தது.

"போட்டுகினுதான் கீறோம். அதுவும் சூட்டத்தான் சுத்துது" என்றாள்.

அதற்குப் பிறகு இனிக்கவில்லை.

கோபம் அப்படியே இருக்கிறது. அதை என்னோடுதான் கொண்டுபோவேன். கடைசியாக வந்த உன் டம்ளரும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தரமாட்டேன். ஆனால் சந்தின் இரு முனையும் திறந்தால், அன்றே என் சுவரும் இறங்கும். முதலில் உங்களுடையது.

இந்த மடலை உன் மருமகளிடமே கொடுக்கிறேன். நீ பதில் எழுத முடியாது. அவளும் உன் மகனும் எழுதட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். சந்தைத் திறக்கிறீர்களா, இல்லையா? இருவரும் கையெழுத்திட்டு எழுத்தில் பதில் தரவும்.