அப்பாவின் பெயரில் வந்த இசை

அண்ணா,

பாரிசிலிருந்து உங்கள் டிரம்பெட் பெட்டி நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. திறந்ததும் எண்ணெய் மணத்தது. விசைகள் இறுகாமலிருக்க ஒவ்வொரு துளியாக விடுவீர்களே, அந்த எண்ணெய். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பெட்டிக்குள் முகத்தை வைத்து அழுதேன். வேலைக்குப் போகும் பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

பொறியியல் படிக்கப் பிரான்சுக்குப் போனவர், இரண்டாம் வருடமே படிப்பை விட்டுவிட்டு, உணவகத்தில் கோப்பை கழுவி இந்த டிரம்பெட்டை வாங்கினீர்கள். அப்பா தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டார். "தெருவில பாண்ட் ஊதவோ உன்னை அனுப்பினனான்?" அதன் பிறகு அவர் உங்களோடு கதைக்கவேயில்லை.

ஆனால் பிரான்சே உங்களை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது. வதிவிடப் படிவத்தில் எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதிவிட்டீர்கள். அவர்கள் அதையே உங்கள் பெயராக்கிவிட்டார்கள். பதினொரு பேர் கொண்ட ஜாஸ் குழுவை நடத்தியபோதும், படங்களுக்கு இசையமைத்தபோதும் அதே பெயர்தான். திருத்தச் சொல்லி எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! "விடு தங்கச்சி, ஒரு நாளைக்குப் பத்துத்தரம் அப்பாவின்ர பேர் காதில விழுது. எனக்கு அது போதும்" என்றீர்கள். உங்களுக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா நோர்வேயில் என்னோடு, ஒஸ்லோப் பக்கம் பியோர்ண்டாலில் இருந்த காலம். ஒஸ்லோவில் உங்களுக்குக் கச்சேரி என்றால் அவருக்கு பேர்கனில், சித்தப்பா வீட்டில், திடீரென்று அவசர வேலை வந்துவிடும். காலை ரயிலில் அவர் போவார், பின்னேரம் நீங்கள் வந்து இறங்குவீர்கள். நடுவில் நான் ஒரே கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டவேண்டும்போல ஆத்திரம் வரும்.

கச்சேரிக்கு வந்தாலும் படவேலை கூடவே வரும். கணினியில் படத்தை ஓடவிட்டுச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, "நீ கதை, என்ன நடக்குது எண்டு சொல்லு" என்பீர்கள். பிரெஞ்சு தெரியாத நான் வாயசைவைப் பார்த்துக் கதை விடுவேன். "ஆக்கள் கதைக்கேக்க நான் வாய் திறக்கமாட்டன். கதைக்க ஏலாமல் நிக்கினமே, அங்கைதான் என்ர வேலை" என்பீர்கள். உங்களைப் போல அந்த இடத்தை அறிந்தவர் யார்?

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தீர்கள். எல்லோரும் போனபின் குசினியில் நின்று கேட்டீர்கள்: "அப்பா நான் வாசிச்சதை ஒருக்காலெண்டாலும் கேட்டவரோ?"

"தெரியாது அண்ணா" என்றேன்.

அது பொய். இந்த வசந்தத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். இனி எதற்காக அதைக் காப்பாற்றவேண்டும்?

அவர் இறப்பதற்கு முந்திய வருடம், ஒரு ஞாயிறு மத்தியானம், நீங்கள் இசையமைத்த படமொன்று நோர்வே தொலைக்காட்சியில் வந்தது. பதிவு செய்தபடி, ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டேன். தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது அப்பா கண்ணாடியைத் தேடினார்.

"என்ர பேரை ஏன் போட்டிருக்கிறாங்கள்?"

"அது அண்ணா, அப்பா."

"எழுத்துப் பிழை" என்றார். எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசியில் தாயும் மகனும் ரயில் நிலையத்தில் பேச்சில்லாமல் நிற்பார்கள், உங்கள் டிரம்பெட் மட்டும் தனியாக வரும். அது முடிந்ததும், "அதை இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டேன்.

நான் தொலைபேசியை எடுத்தேன். "அவனுக்கு நீ சொல்லாதை. நான் சொல்லுவன்" என்றார். சொல்லுவாரா என்று ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. சொல்ல நினைத்துச் சொல்லாமலே போய்விட்டார் என்பதை அன்று குசினியில் உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது உங்களை இன்னும் நோகவைக்கும் என்று பயந்தேன். நானாக எடுத்த முடிவு, பிழையான முடிவு. அதைத்தான் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

ஓம் அண்ணா, கேட்டவர். மூன்று தரம் கேட்டவர்.